சனிக்கிழமை காலையில் பறவை பார்க்கப் போகிறோம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை விருப்பமுள்ள பிள்ளைகளைச் சனிக்கிழமை காலையில் பறவை பார்க்க அழைத்துப்போக இருக்கிறோம். ஆறரைக்குப் பள்ளி வாசலில் கூடுவோம், எட்டரைக்குள் திரும்பிவிடுவோம். நம் ஊர் வெயிலில் அதற்குமேல் பறவைகள் நிழலுக்குள் போய்விடும். நாம் மட்டும் வரப்பில் நின்று காய்வதில் பயனில்லை.

இதனால் மார்க் வருமா என்று சிலர் இப்போதே கேட்டுவிட்டார்கள். வராது. பத்தாம் வகுப்பை இதில் சேர்க்கவில்லை, அந்தக் கவலை வேண்டாம். மற்ற பிள்ளைகள் ஒரே இடத்தில் பத்து நிமிடம் வாய் திறக்காமல் நின்று ஒன்றைக் கவனிக்கப் பழகினால், எனக்கு அது போதும்.

எதைக் கவனிப்பது என்கிறீர்களா? நத்தைகுத்தி நாரையையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் வயலில் தினமும் நிற்கிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதன் அலகு நடுவில் சேராது, இடைவெளி விட்டு நிற்கும். குஞ்சாக இருக்கும்போது அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். சேற்றில் துழாவி நத்தையை எடுத்து, கீழலகின் நுனியை உள்ளே விட்டுத் தசையை அறுத்துச் சதையை மட்டும் இழுத்துவிடும். ஓடு பெரும்பாலும் உடைவதே இல்லை. வரப்பில் முழுசாகக் கிடக்கும் காலி நத்தை ஓடுகளைப் பார்த்திருப்பீர்களே, அதில் பல இதன் வேலை. வயலில் பறவை தாங்கி, அதாவது பறவை வந்து உட்காரக் குச்சி, நட்டிருப்பவர்களுக்குக் கரிச்சானைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. குச்சியில் உட்கார்ந்து நெற்பயிரைக் கெடுக்கும் தண்டு துளைப்பானின் அந்துப்பூச்சியைப் பறந்து பிடித்துவிட்டு, அதே குச்சிக்குத் திரும்பி வரும்.

இங்கேயே இருக்கும் பறவைகள் போக, ஐப்பசியில் வடக்கே இருந்து வரும் வாலாட்டி, உள்ளான், தகைவிலான் எல்லாம் பங்குனி வரை நம் பக்கத்தில்தான் இருக்கும். ஆகவே இதுதான் தொடங்கச் சரியான காலம். வடுவூர் ஏரி 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. தஞ்சாவூர் மன்னார்குடி பஸ்ஸில் அதை ஒட்டித்தான் போகிறோம், இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு. பிப்ரவரியில் ஒரு நாள் வேன் வைத்து அங்கே போகலாம். கோடியக்கரைக்குப் போய்ப் பூநாரை பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் இப்போதே கேட்கிறார்கள். அது அடுத்த குளிர்காலத்துக்கு.

செலவு என்று பார்த்தால் ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும்தான். தொலைநோக்கி வாங்கித் தரச் சொல்லிப் பிள்ளைகள் அடம் பிடிப்பார்கள், இப்போதைக்கு மசியாதீர்கள். பழைய மாணவர் ஒருவர் கொடுத்த இரண்டு பள்ளியில் இருக்கின்றன, மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். பிறகு வாங்குவதானாலும் 8க்கு 42 அளவு (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.) போதும். அதிகம் பெரிதாக்கும் கருவி சின்னக் கையில் ஆடும், படம் நிற்காது. மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைக்க வேண்டும். போன் கொண்டு வரக் கூடாது. பெயர் தெரியாத பறவையை வீட்டுக்கு வந்தபின் உங்கள் போனில் மெர்லின் செயலியில் தேடட்டும், இல்லாவிட்டால் தாத்தாவைக் கேட்கட்டும்.

அப்புறம், ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சாலையோரத்தில் கொக்கையும் மடையானையும் கட்டித் தொங்கவிட்டு விற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சில வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பே அதுதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். கிளியைக் கூண்டில் வைத்திருப்பதும் அப்படியே. சனிக்கிழமை நோட்டில் மடையான் என்று எழுதிய பிள்ளை மறுநாள் அதையே தட்டில் பார்த்தால், திங்கட்கிழமை என்னிடம் வந்துதான் கேட்கும். அந்தச் சங்கடத்தை எனக்கு வைக்காதீர்கள். உண்டிகோல் எவர் பையில் இருந்தாலும் எடுத்துக்கொள்வோம், திரும்பக் கிடைக்காது.

பாதுகாப்பு விஷயத்தில் நாங்கள் கறார். மேட்டூர்த் தண்ணீர் வழக்கமாக ஜனவரி 28 வரை வரும், அதனால் வாய்க்கால் நிறைந்தே இருக்கும். யாரும் கரை இறங்கக் கூடாது. புல் மண்டிய வரப்பில் பாம்பு இருக்கும் என்பதால் ஆசிரியருக்குப் பின்னால்தான் நடக்க வேண்டும். மூடிய ஷூ இருந்தால் நல்லது. கூட்டுக்குப் பக்கத்தில் போவதோ முட்டையைத் தொடுவதோ கூடாது.

பொங்கல் விடுமுறையில் ஆண்டுதோறும் தமிழகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் கேட்டதையும் எண்ணிக்கையோடு எழுத வேண்டும். நம் பிள்ளைகள் கொல்லையிலோ குளக்கரையிலோ இருந்து எழுதி வரட்டும், பறவைக் கணக்குகளைச் சேர்த்து வைக்கும் இ-பேர்ட் இணையதளத்தில் பதிவேற்றுவதை அறிவியல் ஆசிரியர் பார்த்துக்கொள்வார். பெரியவர்கள் கூட உட்கார்ந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

ஒப்புதல் படிவம் இத்துடன் உள்ளது. கையெழுத்திட்டு, பள்ளி திறந்த முதல் வாரத்துக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். ஆஸ்துமா, பூச்சிக்கடி ஒவ்வாமை ஏதும் இருந்தால் அதில் மறக்காமல் எழுதுங்கள். சனிக்கிழமை காலை வெறும் வயிற்றில் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்