நகர்க் குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, பெருந்துறையில் நம் நகர் வீடுகளில் சேரும் பிளாஸ்டிக்கைத் தனியே பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவதே இவ்வாண்டின் முதன்மைப் பணியாக இருந்தது. தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் பற்றிய மனுக்களின் நிலையைப் பொருளாளர் கணக்கோடு சேர்த்து வாசிப்பார் என்பதால், இவ்வறிக்கை அந்த ஒரு பணியைப் பற்றியது மட்டுமே.

தொடக்கத்திலேயே ஒரு தவறு நேர்ந்தது. அதற்கு நானே பொறுப்பு. அடியில் சுழலும் அம்புகளாலான முக்கோணக் குறி உள்ள எதையும் மறுசுழற்சி செய்யலாம் என்று வீடு வீடாகச் சொல்லிவந்தோம். அதை நம்பி உறுப்பினர்கள் கொடுத்தவற்றையெல்லாம் ஒன்றாகச் சாக்கில் கட்டிப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பியபோது, கடைக்காரர் தண்ணீர் பாட்டில்களையும் உடைந்த குடங்களையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிவிட்டார். "இதையெல்லாம் வாங்கி நான் யாருகிட்டங்க விக்கறது?" என்று அவர் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை.

அந்தக் குறியை 1988இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் சங்கம் ஒன்று, பொருள் எந்த வகைப் பிளாஸ்டிக் என்று தரம் பிரிப்போர் அறிவதற்காக ஏற்படுத்தியது. உள்ளே உள்ள 1 முதல் 7 வரையிலான எண் வகையைத்தான் சொல்கிறதே தவிர, அதை வாங்கி உருக்க ஆள் உண்டு என்று சொல்வதில்லை. சுழலும் அம்புகள் குழப்பம் தருவதால் 2013இல் அவற்றை நீக்கி வெறும் முக்கோணமாக்கினார்கள் என்று படித்தபோது, ஏமாந்தது நாம் மட்டுமல்ல என்று சற்று ஆறுதலாக இருந்தது.

கடைக்காரரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, சாக்குகளைப் பிரித்தோம். எண் 1 ஆன பெட் பாட்டில் எளிதில் விலைபோகும். அது துகளாகி, பாலியஸ்டர் இழையாகி, திருப்பூர்ப் பனியன் துணியாகவும் ஆகிறது. மூடியைக் கழற்ற வேண்டுமா என்று பலர் கேட்டனர். அரைத்த துகளைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினால் பெட் மூழ்கும், எண் 2 அல்லது 5 ஆன மூடித் துகள் மிதக்கும் என்பதால், மூடி பெரிய தொல்லையில்லை. தொல்லை தருவது எண் 3 ஆன பிவிசி. அதுவும் மூழ்குவதால் பெட்டோடு கலந்துவிடும். பெட் உருகும் ஏறத்தாழ 250 டிகிரி வெப்பத்தில் அது சிதைந்து அமில ஆவி விட்டு, முழுச் சரக்கையும் பழுப்பாக்கிவிடும். ஆகவே தோட்டத்துப் பைப் துண்டுகளைப் பாட்டில் சாக்கில் போடாதீர்கள் என்று மீண்டும் வேண்டுகிறேன்.

எண்ணெய்க் கேன், ஷாம்பு பாட்டில் போன்ற எண் 2 வகையும், எண் 5 ஆன நாற்காலி, உரச்சாக்கு போன்றவையும் தடையின்றிப் போகின்றன. பால் கவர் எண் 4 வகையைச் சேர்ந்தது. கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் வாங்குகிறார்கள். மெல்லிய கேரி பேக் அநேகமாக அதே குடும்பம்தான் என்றாலும், எடையில்லாமல் அழுக்கேறி வருவதால் தொடவும் மறுக்கிறார்கள். பால் கவரின் மூலையைத் துண்டாக வெட்டி எறியாமல் ஒட்டியபடியே விடுமாறு தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் அந்தத் துண்டு எந்தச் சாக்கிலும் சேர்வதில்லை.

தெர்மாகோல் எண் 6. அதில் பெரும்பகுதி காற்றே என்பதால் வண்டி வாடகைக்குக்கூடக் கட்டாது. சிப்ஸ் பொட்டலம், ஷாம்பு பாக்கெட் ஆகியவற்றில் வெவ்வேறு பிளாஸ்டிக்கும், பலவற்றில் அலுமினியமும் படலம் படலமாக ஒட்டியிருப்பதால் பிரிக்க வழியில்லை. சிமெண்ட் ஆலைகளில் எரிபொருளாவதே அவற்றுக்குப் பெரும்பாலும் மிஞ்சும் வழி. மெலமைன் தட்டும் பழைய மின் சுவிட்சும், வெந்த இட்லி மீண்டும் மாவாகாததுபோல, எவ்வளவு சூடாக்கினாலும் உருகாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு விழாவில் 'துணிப்பை' என்று நாம் வழங்கியது, நெய்யப்படாத பாலிப்ரொப்பிலீன் பை என்று ஓர் உறுப்பினர் சுட்டிக்காட்டினார். தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்த 14 பொருட்களில் அதுவும் ஒன்று. சென்னிமலையும் திருப்பூரும் கூப்பிடு தூரத்தில் இருக்க, துணியென்று பிளாஸ்டிக்கை நாமே கொடுத்தது தலைகுனிவுதான். மீதமிருந்த பைகளை விநியோகிக்காமல் நிறுத்திவிட்டு, இவ்வாண்டு விழாவுக்குப் பருத்தித் துணியில் தைத்த பைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை நிர்வாகக் குழு முன்வைக்கிறது. வாரம் ஒருமுறை, நான்கு தனித்தனிச் சாக்குகளில் மட்டுமே பிளாஸ்டிக்கைப் பெறுவது. உறுப்பினர் வீட்டு விசேஷங்களுக்குச் சங்கச் செலவில் எவர்சில்வர் டம்ளர்கள் வாங்கி வைப்பது. பொதுக்குழு இவற்றை விவாதித்து ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்