ஒக்கி நினைவு செபக்கூட்டம் – ஞாயிறு மாலை

மரியே வாழ்க! அன்பிய உறவுகளுக்கு வணக்கம்.

2017 நவம்பர் 30-இல் குமரிக் கரையை ஒக்கிப் புயல் அடித்துப் போட்டு 8 ஆண்டு ஆகிறது. இன்றும் வானம் கறுத்தால் நம் வீடுகளில் யாராவது எழுந்துபோய்க் கரையில் நிற்கிறோம். அந்தப் பயத்தை மனம்விட்டுப் பேசிச் செபிக்கத்தான் இந்தக் கூட்டம்.

நாள்: நவம்பர் 30, ஞாயிறு, மாலை 6 மணி
இடம்: கடற்கரைக் கெபி முன்பு

1. மாற்கு 4:35–41 வாசித்துவிட்டு வாருங்கள். இயேசு படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார், சீடர்கள் பதறுகிறார்கள். அவர்களில் சிலர் நம்மைப் போல வலை வீசிப் பிழைத்தவர்கள். அவர்களே பயந்தார்கள், அதனால் பயத்தைச் சொல்ல யாரும் வெட்கப்பட வேண்டாம்.
2. கடலில் இறந்த உங்கள் வீட்டார் பெயரைத் தாளில் எழுதித் தாருங்கள். திருப்பாடல் 23 முடிந்ததும் வாசிப்போம்.
3. வீட்டுக்கு ஒரு மெழுகுவர்த்தி. காற்று அடிக்கும், கண்ணாடிக் கூடு இருந்தால் நல்லது.
4. விசுவாசம் இருக்கிறதென்று லைஃப் ஜாக்கெட்டை வீட்டில் போட்டுவிட்டுப் போகிற தம்பிகளே, உங்களோடு அப்புறம் தனியாகப் பேசணும்.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வெள்ளி இரவுக்குள் இங்கேயே போடுங்கள். மைக் செட் தூக்க 2 பேர் வேண்டும்.