வீட்டுச் சாவியோடு வேலை முடிந்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களுக்குத் தொண்டு நிறுவனங்கள் கட்டித்தரும் வீடுகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். எத்தனை வீடுகள், எவ்வளவு சீக்கிரம் முடித்தார்கள் என்பதுதான் அதில் பெரிதாக வருகிறது. சரி, சுவரில் விரிசல் விட்டால் பார்க்கத் தெரிந்த கொத்தனார் அந்த ஊரில் இருக்கிறாரா? மகனுக்குக் கல்யாணம் ஆனால் இன்னொரு அறை இழுக்க முடியுமா? இதையெல்லாம் கேட்காமல் நீடித்து நிற்கும் வீடு என்று எப்படிச் சொல்வது?

1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் கில்லாரிப் பகுதி குலுங்கியபோது, மண்சாந்தில் அடுக்கிய கல்சுவர்களும் அவற்றின் மேலிருந்த கனத்த மண் கூரைகளும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சரிந்தன. அப்புறம் பல ஊர்களை வேறிடத்துக்கு மாற்றி, நகரத்துக் காலனி மாதிரி நேர்வரிசையில் வீடுகள் கட்டினார்கள். பாதுகாப்பானவைதான், மறுக்கவில்லை. ஆனால் சொந்தபந்தம் அண்டையில் இருந்த பழைய ஊர் அமைப்பு போயே போய்விட்டது.

2001 ஜனவரி 26 நிலநடுக்கத்துக்குப் பிறகு குஜராத்தின் கட்ச்சில் பெரும்பாலான ஊர்க்காரர்கள் இடம் மாற மறுத்துவிட்டார்கள். அரசு தவணை தவணையாகப் பணம் கொடுக்க, வீட்டுக்காரரே முன்நின்று கட்டினார். தொண்டு அமைப்புகள் பலவற்றின் வேலை அங்கே பயிற்சியும் தொழில்நுட்ப உதவியும். எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது. அந்தப் பகுதியின் வட்ட வடிவ ‘புங்கா’ மண் வீடுகளில் பல அந்த அதிர்ச்சியைத் தாங்கி நின்றதையும் சொல்ல வேண்டும். வட்டச் சுவரில் பிளந்துபோக மூலையே இல்லை!

மண் வீடு என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. மண்ணோடு 5 சதவீதம் போலச் சிமெண்ட் கலந்து அழுத்தி எடுக்கும் கல்லுக்குச் சூளையும் வேண்டாம், விறகும் வேண்டாம். ஆனால் கல்லை மட்டும் நம்பக் கூடாது. அஸ்திவாரம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு நேர்மேலே), கூரை மட்டங்களில் வீட்டைச் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டைகளும், மூலைகளில் நிறுத்தும் கம்பிகளும்தான் உயிரைக் காப்பவை. கயிறு போட்டு இறுக்கிய பெட்டி மாதிரி நான்கு சுவரும் சேர்ந்தே ஆடும். பூச்சுக்குள் மறைந்துவிடும் இந்த வேலையில்தான் ஏமாற்றுவதும் எளிது.

ஆகவே நன்கொடை கொடுப்பவர்கள், கொத்தனார் பயிற்சிக்கும் மேற்பார்வைக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். புகைப்படத்தில் வராத செலவு என்பதால் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள். தாங்களும் ஐந்து வருடம் கழித்து, கட்டுரையில் வந்த அதே வீடுகளுக்கு ஒரு நிருபரை அனுப்பிப் பாருங்களேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்