மார்பகப் புற்றுநோய்க்குச் செல் சிகிச்சை: தலைப்பு சொன்னதும் ஆய்வு சொன்னதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மரபணு திருத்திய நோயெதிர்ப்புச் செல்கள் முற்றிய மார்பகப் புற்றுநோயைக் குணப்படுத்துவதாகத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, என் அத்தான் அன்று காலையே மருத்துவமனைக்குப் புறப்பட்டுவிட்டார். அக்காவுக்கு எலும்பிலும் கல்லீரலிலும் நோய் பரவியிருக்கிறது. அங்கே மருத்துவர் அரை மணி நேரம் பொறுமையாக விளக்கியதில் பாதியையாவது செய்தியே சொல்லியிருக்கலாம்.

அச்செய்தி சான்றாகக் காட்டிய அமெரிக்கப் பெண்ணுக்கு நோய் முற்றிலும் மறைந்தது உண்மை. 2018-இல் அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதை வெளியிட்டார்கள். ஆனால் அவருக்குச் செலுத்தப்பட்டவை மரபணு திருத்திய செல்களே அல்ல. அவருடைய கட்டிக்குள் ஏற்கெனவே ஊடுருவியிருந்த டி செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களைப் பிரித்தெடுத்து, கட்டியில் இருந்த 62 மரபணுப் பிறழ்வுகளில் நான்கை இனங்காணக்கூடியவற்றைத் தேர்ந்து, ஏறத்தாழ 8,000 கோடியாகப் பெருக்கித் திரும்பச் செலுத்தினார்கள். நோயெதிர்ப்பைத் தூண்டும் பெம்புரோலிசுமாப் மருந்தும் உடன் தரப்பட்டது.

மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் உண்மையாகவே திருத்திய டி செல்களை, மார்பகப் புற்றுநோய் உள்ளிட்ட திடக்கட்டிகள் கொண்ட 16 பேருக்குச் செலுத்திய ஆய்வு 2022-இல் நேச்சர் இதழில் வந்தது. ஐவருக்கு நோய் வளராமல் நின்றது. மற்ற 11 பேருக்கு வளர்ந்துகொண்டே போனது. ஒவ்வொருவரின் கட்டிக்கும் ஏற்பத் தனித்தனியாகச் செல்களைத் தயாரிக்க முடியும், அவை கட்டி வரை சென்று சேரும் என்று காட்டியதே அதன் சாதனை. அது சிறிய சாதனை அன்று. ஆனால் குணமும் அன்று.

புற்றுச் செல்லின் இலக்கை இனங்காணும்படி டி செல்களை மரபணு மாற்றிச் செலுத்தும் கார்-டி சிகிச்சை ரத்தப் புற்றுநோயில் கண்ட வெற்றியை அப்படியே மார்பகத்துக்கு நீட்டுவதும் பிழை. அங்கே செல்களின் மேற்பரப்பில் உள்ள சிடி19 என்ற புரதத்தை இலக்காகத் தாக்கும்போது, பி செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களில் நல்லவையும் அழிகின்றன. அந்த இழப்பை உடல் தாங்கிக்கொள்ளும். சில மார்பகக் கட்டிகளில் மிகுந்து காணப்படும் ஹெர்2 புரதமோ நுரையீரலிலும் சிறிதளவு இருக்கிறது. அதைக் குறிவைத்த செல்களைப் பெற்ற குடல் புற்றுநோயாளி ஒருவர் 15 நிமிடங்களில் மூச்சுத் திணறலுக்கு ஆளாகி, ஐந்து நாள்களில் இறந்ததை 2010-இல் வந்த ஆய்வறிக்கை பதிவு செய்திருக்கிறது. இந்தியாவில் 2023-இல் ஒப்புதல் பெற்ற நெக்ஸ்கார்19 சிகிச்சையும் பி செல் சார்ந்த ரத்தப் புற்றுநோய்களுக்கு உரியதே.

எந்தப் புற்றுநோய், எத்தனை பேர், ஆய்வு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பவற்றை இனி முதல் பத்தியிலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நடந்துவரும் சிகிச்சையை நிறுத்த வேண்டாம் என்று ஒரு வரி இருந்திருந்தால், அந்த வாரத்துக் கீமோவைத் தள்ளிப்போடலாமா என்று அத்தான் கேட்டிருக்க மாட்டார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சி.