முக எலும்புகளின் பிறப்பிடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெளிவந்த கருவளர்ச்சிக் கட்டுரையில், உடலின் எலும்புகள் அனைத்தும், இளங்கருவின் புற, நடு, அக அடுக்குகள் என்னும் மூன்று செல் அடுக்குகளில், நடு அடுக்கிலிருந்தே தோன்றுகின்றன என்று எழுதப்பட்டிருந்தது. கை, கால், முதுகெலும்பு ஆகியவற்றுக்கு இது பொருந்தும், முகத்துக்குப் பொருந்தாது. விலங்கியல் ஆசிரியராக நானும் தொடக்க ஆண்டுகளில் இப்படியே கற்பித்துவிட்டேன் என்ற வருத்தம் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதுகெலும்பிகளின் கருவில், பின்னர் மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறும் நரம்புக் குழல் மூடிக்கொள்ளும் வேளையில், புற அடுக்கைச் சேர்ந்த அதன் விளிம்பிலிருந்து நரம்பு முகடு செல்கள் பிரிந்து, முகமும் கழுத்தும் உருவாகும் தொண்டை வளைவுகளுக்குள் இறங்குகின்றன. தாடைகள், கன்ன எலும்பு, நடுச்செவியின் சுத்தி எலும்பும் பட்டடை எலும்பும், பல்லில் எனாமலுக்கு அடியிலுள்ள டென்டைன் ஆகியவை இவற்றிலிருந்தே உருவாகின்றன. உணவை மெல்லும்போது தாடைக் கோணத்தில் விரலை வைத்துப் பார்த்தால், புடைத்தெழும் தசை நடு அடுக்கின் பிள்ளை. அது பற்றியிருக்கும் எலும்போ நரம்பு முகட்டின் பிள்ளை. பிடரி எலும்புக்கு வந்தால் மீண்டும் நடு அடுக்குதான்.

1893-இல் ஜூலியா பிளாட் என்ற அமெரிக்க ஆய்வாளர், நெக்டூரஸ் என்னும் நீர்வாழ் உயிரியின் கருவை ஆராய்ந்து, செவுள் வளைவுகளின் (மேலே சொன்ன தொண்டை வளைவுகளே இவை) குருத்தெலும்பு புற அடுக்கிலிருந்து வருகிறது என்று எழுதினார். ஒவ்வொரு திசுவும் தனக்குரிய ஓர் அடுக்கிலிருந்தே தோன்றும் என்ற மூவடுக்குக் கொள்கையை மீறிய அந்த முடிவை அன்றைய அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. அவருக்கு நிலையான பல்கலைக்கழகப் பணியும் கிடைக்கவில்லை. அவர் கண்டது சரியே என்பது பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே நிலைபெற்றது. காடைச் செல்லின் உட்கருவில் சாயமேற்றினால் அடர்ந்த புள்ளி ஒன்று தெரியும். கோழிச் செல்லில் அப்படித் தெரியாது. இந்த வேறுபாட்டை 1969-இல் அடையாளமாக்கிய பிரெஞ்சு ஆய்வாளர் நிக்கோல் லெ டுவாரின், காடையின் நரம்பு முகட்டைக் கோழிக்கருவில் பொருத்தும் வழியைத் திறந்தார். அவ்வாறு வளர்ந்த கோழிக்கருவின் தாடை எலும்பில் காடையின் புள்ளிகளே நிறைந்திருந்தன.

இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. டிரீச்சர் காலின்ஸ் என்னும் பிறவிக் குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தைக்குக் கன்ன எலும்பு, கீழ்த்தாடை, செவி மூன்றும் ஒருசேரப் பாதிக்கப்பட்டிருக்க, கைகால்கள் பொதுவாக இயல்பாக இருப்பது ஏன் என்று பெற்றோர் கேட்டால், நரம்பு முகடு செல்கள் போதிய அளவில் உருவாகாததே காரணம் என்று விளக்க முடியும். எலும்பெல்லாம் நடு அடுக்கு என்று படித்தவரால் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல இயலாது.

ஆகவே, திருத்தம் ஒன்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையுடன் வந்த மண்டையோட்டுப் படத்தில் முகத்தையும் பிடரியையும் வெவ்வேறு வண்ணத்தில் காட்டினாலே மாணவர்களுக்குப் புரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்