சிக்கரிப் புகாரும் புது விலையும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பத்து நாளாகக் காப்பித்தூள் வாங்குகிறவர்கள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். காரணம் தெரியும். நம் கடைக் காப்பித்தூளில் சிக்கரி வேர்த்தூளை அள்ளிக் கொட்டுவதாக யாரோ வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியது, மூன்று பேர் கைமாறி எனக்கே வந்து சேர்ந்தது.

விலை ஏற்றியது உண்மை. கிலோ 720 ரூபாய்க்குக் கொடுத்த ஸ்பெஷல் கலவை இப்போது 860. பிரேசில் வறட்சிதான் காரணம் என்றேன். "ஏற்காட்டில் விளைகிற கொட்டைக்கும் பிரேசிலுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். நம் நாட்டுக் காப்பியில் பெரும்பங்கு கப்பலேறிவிடுகிறது. அதனால் சேலத்துக்கு மேலே மலையில் இருக்கும் தோட்டக்காரரும் அராபிகா வகைக் காப்பிக்கு நியூயார்க் சந்தையையும் ரோபஸ்டா வகைக்கு லண்டன் சந்தையையும் பார்த்துத்தான் விலை சொல்கிறார். 2024-ல் பிரேசிலில் கடும் வறட்சி. 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் அராபிகா ஒரு பவுண்டுக்கு, அதாவது அரை கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடைக்கு, 4 டாலரைத் தாண்டியது. சரி, ரோபஸ்டாவாவது கட்டுப்படியாகுமா என்றால், அதை அதிகம் விளைவிக்கும் வியட்நாமிலும் அப்போது மழை இல்லை. போதாததற்கு, சீனாவில் டுரியன் பழத்துக்கு நல்ல விலை என்று அங்கே பலர் காப்பிச் செடியைப் பிடுங்கிவிட்டு டுரியன் வைத்துவிட்டார்கள். அந்தப் பழத்தை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. என் கல்லாவில் கை வைத்துவிட்டது.

ஆனால் சிக்கரி என்று சொன்னதுதான் மனதை அறுக்கிறது. எங்கள் அப்பா காலம் தொட்டு ஸ்பெஷல் என்றால் காப்பி 80, சிக்கரி 20. கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அளவைப் பாக்கெட்டில் போட வேண்டும் என்பது சட்டம். நாங்கள் போட்டிருப்பது 20, கலப்பதும் 20. சந்தேகம் இருந்தால் கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு சிட்டிகை தூளைத் தூவுங்கள். காப்பி மிதக்கும், சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு இறங்கும். ஸ்பெஷலில் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அது அந்த 20. சிக்கரி சேராத பியூர் வாங்கி அதையும் தூவிப் பாருங்கள். கடையிலேயே டம்ளர் வைத்திருக்கிறேன். பேசி அனுப்பியவர் வந்தாலும் முகம் சுளிக்க மாட்டேன், காப்பியும் தருவேன்.

அரை கிலோவைக் கால் கிலோவாக்கிக்கொண்டாலும் கடையை மாற்றாத உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்கென்று இரட்டைக் கவரில் கட்டச் சொல்லி ஐந்து பாக்கெட் வாங்கிப் போகிறவர்கள் இருக்கும்வரை இந்த மெஷின் ஓடும்.

அப்புறம், போன மாதத்திலிருந்து ஸ்பெஷலில் பீபரியை, அதாவது ஒற்றை விதையாக உருண்டிருக்கும் காப்பிக்கொட்டையை, சற்றுக் குறைத்து ரோபஸ்டாவைக் கூட்டியிருக்கிறோம். டிகாஷன் கெட்டியாகவே இறங்கும். ஞாயிற்றுக்கிழமை கடை மதியம் 1 மணி வரை.

இப்படிக்கு,
உங்கள் காப்பித்தூள் கடைக்காரர்