ராத்திரிக்குள் தீர்ந்துபோகும் காசு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் வீடே சந்தோஷப்பட்டது. என் பக்கம் விசேஷம் என்றால், ஓய்வுபெற்ற பிறகு சாயங்காலங்களில் ரயில் நிலையத்தில் திரியும் தெருப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன்.

'கையில் காசு வந்தால் அன்றைக்கே தீர்த்துவிடுகிறார்களாமே, பொறுப்பு வேண்டாமா?' என்று கேட்டிருந்தாய். இதையே ஒரு பையனிடம் கேட்டேன். பத்து வயது இருக்கும். காலி பாட்டில் பொறுக்கி விற்றதை இருட்டுவதற்குள் சாப்பாட்டிலும் வீடியோ கேமிலும் விட்டிருந்தான். "தூங்கினா பெரிய பசங்க எடுத்துக்குவாங்க சார். கேட்டா உதை வேற." எனக்கென்னவோ அவன் கணக்கு சரியாகத்தான் படுகிறது. பெட்டியும் பூட்டும் இல்லாதவன் எங்கே சேர்த்துவைப்பான்? இரவில் பயந்து விழித்திருப்பவன் பகலில் தூங்குகிறான். அதைப் பார்த்துவிட்டு நாம் சோம்பேறி என்கிறோம். பெயிண்டில் கலக்கும் தின்னரில் துணியை நனைத்து முகர்வதும் பசியும் குளிரும் உறைக்காமல் இருக்கத்தான். மூளை கெட்டுவிடும் என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

எல்லோரும் வீட்டைவிட்டு ஓடிவந்தவர்களும் இல்லை. பகலில் சம்பாதித்துவிட்டு ராத்திரி வீடு திரும்புகிறவர்கள் உண்டு. குடும்பத்தோடே நடைபாதையில் இருப்பவர்கள் உண்டு. அதனால்தான் எண்ணிக்கையும் சிக்கலாகிறது. உலகில் தெருப் பிள்ளைகள் பத்துக் கோடி என்று 1980களிலிருந்து சொல்லிவந்தார்கள். அதற்கு ஆதாரமே கிடையாது. சரியாக எண்ணவே முடியாது என்று ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப்பும் 2005 அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

திடீரென்று சுற்றிவளைத்து வண்டியில் ஏற்றி விடுதியில் அடைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. கதவு திறந்ததும் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறார்கள். அவர்களுடைய கூட்டாளிகள் அங்கேதானே இருக்கிறார்கள்? 2017இல் ஐ.நா. குழந்தை உரிமைக் குழு வெளியிட்ட வழிகாட்டுதலும் இப்படி வாரிக்கொண்டு போவதற்கு இடம்தரும் சட்டங்களை நீக்கச் சொல்கிறது. அதை எழுதுமுன் 32 நாடுகளில் 327 பிள்ளைகளிடமும் இளைஞர்களிடமும் கருத்துக் கேட்டார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது மரியாதையை.

அப்புறம், உன்னால் ஆக வேண்டிய காரியம் ஒன்று. பிறந்த உடனே பதிவு செய்ய வேண்டும் என்று ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமை உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு சொல்கிறது. இங்கே பாதிப் பிள்ளைகளிடம் ஒரு காகிதமும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போனால் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். நீ பதிவாளர் அலுவலகத்தில் காலம் தள்ளியவன். அப்பா அம்மா பெயரே தெரியாத பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க என்ன வழி, யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும்? விவரமாக எழுது. பள்ளிச் சேர்க்கை முடிவதற்குள் வந்தால் நல்லது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்